மரச் சுவருக்குக் கிளியர் பூச்சா, நிறப் பூச்சா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீட்டுக்குள் மரப்பலகைச் சுவர் அமைப்போருக்கும், பழைய பலகைச் சுவரைப் புதுப்பிப்போருக்கும் பூச்சு வேலை செய்து கொடுத்து வருகிறேன். மரத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரக் கடைசிகளைச் செலவிடும் குடும்பங்கள், பூச்சைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் "நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்று விட்டுவிடுகின்றன. கேள்விகள் வேலை முடிந்த மறுவாரம்தான் தொடங்குகின்றன. அக்கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். "கிளியர்" என்று நான் குறிப்பிடுவது நிறமி எதுவும் கலக்காத பூச்சை. "நிறப் பூச்சு" என்பதில் ஸ்டெயின் முதலாக, மரத்தின் நிறத்தை வேண்டுமென்றே மாற்றுகிற எல்லாம் அடங்கும்.

1. கிளியர் அடித்தால் மரம் இப்போது இருக்கிற நிறத்திலேயே இருக்கும் அல்லவா?

இருக்காது. இழைத்த பலகையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் அது வெளிறித் தெரிகிறது. பூச்சு அப்பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைந்து மரத்தின் உள்நிறம் எழுந்து வருகிறது; நனைந்த கருங்கல் மேலும் கறுத்துத் தெரிவதும் இதனால்தான். ஈரத்துணியால் பலகையின் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள். ஈரம் காயும் முன் தெரிகிற நிறமே கிளியர் பூச்சுக்குப் பின் நீங்கள் பார்க்கப்போகும் நிறத்துக்கு மிக அருகிலானது. அது பிடித்திருந்தால் நிறப் பூச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பூச்சுக்கும் சொந்த நிறம் உண்டு. எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷும் பாலியூரித்தேனும் டின்னில் இருக்கும்போதே தேன் நிறத்தில் இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மேலும் மஞ்சளாகும். நீர் அடிப்படையிலானவை டின்னில் பால்போல் வெளுத்திருந்தாலும் காய்ந்த பின் ஏறத்தாழ நிறமின்றி நிற்கும், மஞ்சளாவதும் குறைவு. ஆகவே வெளிர் மரத்துக்கு நீர் வகை பொருந்தும். தேக்கு, வால்நட் போன்ற ஆழ்ந்த நிற மரங்களில் அதே நீர் வகை சற்றே சோகையாகத் தெரியலாம். அங்கே எண்ணெய் வகையின் தேன் நிறம் மரத்துக்கு உதவியே செய்கிறது.

2. வார்னிஷ், லாக்கர், பாலிஷ், ஆயில் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல, ஆனால் சுவரைப் பொறுத்தவரை வேறுபாட்டை நான்கு வரியில் சொல்லிவிடலாம். பழைய ஆசாரிகள் "பாலிஷ்" என்றது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்து ஏற்றுவது. அழகு மிக்கது, ஆனால் வெப்பமும் ஸ்பிரிட்டும் பட்டால் கெடும். லாக்கர் தின்னர் ஆவியாவதால் நிமிடங்களில் காய்கிறது, பெரும்பாலும் பட்டறையில் தெளிக்கப்படுகிறது. பாலியூரித்தேன் கெட்டியான படலமாகி ஈரத்தையும் உராய்வையும் தாங்குகிறது. ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் போன்றவை மரத்துக்குள் ஊறி, மேலே தடித்த படலம் இல்லாமல் முடிகின்றன.

சுவரில் யாரும் நடப்பதில்லை, சூடான பாத்திரம் வைப்பதுமில்லை. ஆதலால் தரைக்கும் மேசைக்கும் தேவைப்படும் முரட்டு வலிமையை நினைத்துச் சுவருக்குப் பூச்சைத் தேர்ந்தெடுப்பது வீண். சுவரில் முதலில் பார்க்க வேண்டியது நிறம், அடுத்து பளபளப்பு, அதன் பின்னரே வலிமை.

3. ஸ்டெயின் என்றால் பெயின்ட் மாதிரிதானே? மர ரேகை மறைந்துவிடுமா?

ஸ்டெயினில் நிறம் இரண்டு வகையாக வருகிறது. சாயம் கரைந்த நிலையில் மரத்துக்குள் இறங்குகிறது. ரேகையை மறைக்காமல் மரம் முழுவதும் நிறமேற்றும், ஆனால் வெயிலில் சீக்கிரம் மங்கும். நிறமி என்பது நுண்துகள். மரத்தின் துளைகளிலும் உப்புத்தாள் விட்டுச் சென்ற கீறல்களிலும் தங்கி ரேகையை அழுத்தமாகக் காட்டும், வெயிலையும் சாயத்தைவிட நன்றாகத் தாங்கும். கடையில் கிடைக்கும் பல டின்களில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. ஸ்டெயின் மட்டும் பாதுகாப்பு ஆகாது, அதன்மேல் கிளியர் கட்டாயம் வேண்டும்.

ரேகை மறைவது மூன்றாவது வகையில்தான் நிகழ்கிறது: பூச்சிலேயே நிறத்தைக் கலந்து அடிக்கும் ஒரே டின் வேலை. இங்கே நிறம் மரத்துக்குள் இல்லாமல் மேல் படலத்தில் இருக்கிறது. இரண்டு கை, அதாவது இரண்டு முறை, அடித்தால் பரவாயில்லை. நான்காவது கையில் மரம் பிளாஸ்டிக் போலாகிவிடும். தூரிகை ஒன்றின்மேல் ஒன்று பட்ட இடமெல்லாம் கருங்கோடு விழும். எட்டடி உயரச் சுவரில் இதைக் கையால் அடிக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

4. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மரச் சுவர் இருக்கிறது. அதற்கு வேறு நிறம் கொடுக்கலாமா?

முதலில் அது மரமா என்று பார்க்க வேண்டும். புதிய வீடுகளில் மரச் சுவர் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி லேமினேட்தான்: மர ரேகை அச்சிட்ட தாளைப் பிசினில் அழுத்திச் செய்தது. ஒரே கண்ணோ ஒரே சுழியோ சில அடிகளுக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வந்தால் அது அச்சு. விளிம்பில் பழுப்புக் கோடு தெரிந்தாலும் சந்தேகப்படலாம். அதில் ஸ்டெயின் ஊறாது, துடைத்தால் வந்துவிடும்.

வெனீர் என்றால் உண்மையான மரம்தான், ஆனால் ஒட்டுப்பலகையின் மேல் அரை மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கும். பூச்சிடலாம், ஸ்டெயினும் ஏற்கும். உப்புத்தாள் இயந்திரத்தை மட்டும் அதன் அருகில் கொண்டுவராதீர்கள். விளிம்பில் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாலே அடியிலுள்ள ஒட்டுப்பலகை தெரிந்துவிடும். அதைத் திரும்ப மூட எந்தப் பூச்சாலும் முடியாது.

5. எந்த மரத்துக்குக் கிளியர், எந்த மரத்துக்கு நிறம்? ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்களேன்.

பட்டியலாகக் கொடுத்தால் தவறாகிவிடும், ஏனெனில் ஒரே மரத்தின் வைரமும் (நடுப்பகுதி) வெளிறும் (பட்டையை ஒட்டிய வெளிர்ப்பகுதி) இரண்டு வெவ்வேறு மரங்கள் போலவே நடந்துகொள்ளும். ஆனாலும் என் பழக்கத்தைச் சொல்கிறேன். தேக்குக்கு நான் ஒருபோதும் நிறம் கொடுப்பதில்லை. புதிதாக அறுத்த தேக்கில் பச்சையும் சாம்பலும் கலந்த பட்டைகள் தெரிவதைக் கண்டு பயந்து "ஒரே நிறமாக்கிக் கொடுங்கள்" என்பார்கள். வெளிச்சம் பட்டால் சில வாரங்களிலேயே அது தானாகப் பொன்பழுப்பாக ஒன்றிவிடும். பொறுமையின்மையால் ஸ்டெயின் அடித்தால், அடியிலுள்ள மரம் மாறும்போது மேலே அடித்த நிறமும் சேர்ந்து மாறி, நினைத்ததைவிடக் கறுத்துவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அது எண்ணெய் வார்னிஷைக் காயவிடாமல் பிசுபிசுப்பாக்கும். முதல் கைக்குச் சற்று முன் தின்னரால் துடைப்பதும், மெழுகு நீக்கிய அரக்கை முதல் கையாக இடுவதும் அதற்குத்தான். (தேக்கா என்ற இடப்பெயருக்கும் தேக்கு மரத்துக்கும் தொடர்பில்லை, ஹொக்கியன் மொழியில் மூங்கிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. இதையும் மாதம் ஒருவராவது கேட்கிறார்கள்.)

மெர்பாவ் செம்பழுப்பு மரம். ஈரம் பட்டால் சிவந்த சாறு விடும். நீர் அடிப்படைப் பூச்சை நேரடியாக அடித்தால் அச்சாறு படலத்துக்குள் ஏறி அருகிலிருக்கும் வெள்ளைச் சுவரையும் கறைப்படுத்தும். முதலில் ஒரு கை சீலர் (மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) இட்டுவிட்டால் கிளியரே போதும். ஓக், மெர்பாவ் போன்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரங்களில் இரும்புக் கம்பிச்சுருளால் தேய்க்காதீர்கள். விட்டுப்போன இரும்புத் துகளோடு ஈரம் சேர்ந்தால் நீலக்கறுப்புப் புள்ளிகள் பூக்கும். வால்நட் வெளிச்சத்தில் கறுப்பதற்கு மாறாக வெளிறிப் போகும். ஆகவே சிறிதளவு நிறம் சேர்த்த முதல் கை அதற்கு நன்மை.

நிறம் உண்மையில் தேவைப்படும் மரங்கள் வேறு. மெராந்தியும் நியாத்தோவும் பலகைக்குப் பலகை இளஞ்சிவப்பிலிருந்து செம்பழுப்பு வரை மாறுபடும். ஒரே சுவரில் அடித்தால் ஒட்டுப்போட்ட துணிபோல் தெரியும். மெல்லிய நிறப் பூச்சு அவற்றை ஒரு குடும்பமாக்கும். ரப்பர் மரம் வெளிர் மஞ்சளாக, பெரிய அழகின்றி இருப்பதால் நிறம் கொடுத்தால் எடுப்பாகும். பைனுக்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

6. பைன் பலகைக்கு வால்நட் நிறம் அடித்தோம். திட்டுத் திட்டாக, அழுக்குப் பிடித்த மாதிரி வந்துவிட்டது. டின்னில் கோளாறா?

டின்னில் கோளாறு இல்லை. பைன் குளிர்நாட்டு மரம். ஒவ்வோர் ஆண்டும் வேனிற்காலத் தொடக்கத்தில் மென்மையான வளையமும் பின்னர் கெட்டியான வளையமும் வளர்கின்றன. மென்பகுதி ஸ்டெயினை உறிஞ்சும், கெட்டிப்பகுதி ஏற்காது. இயல்பில் வெளுத்த இடம் கறுப்பாகவும், கறுத்த கோடு வெளுப்பாகவும் மாறி, புகைப்படத்தின் நெகட்டிவைப் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. பிசின் தங்கிய இடங்கள் திட்டுகளாகின்றன.

இதைத் தவிர்க்க, முதலில் மிகவும் நீர்த்த அரக்கையோ சீலரையோ ஒரு கை இட்டுக் காயவிட்டு, 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தடவி, அதன் பிறகு ஜெல் ஸ்டெயின் இடலாம். ஜெல் கெட்டியாக இருப்பதால் ஊறாமல் மேலேயே பரவும். ஏற்கெனவே திட்டாகிவிட்ட சுவருக்கு எளிய வழி இல்லை: உரித்துத் தேய்த்து மீண்டும் தொடங்க வேண்டும், அல்லது அதைவிடக் கறுப்பான நிறத்துக்குப் போக வேண்டும். பைனைக் கிளியரில் விட்டாலும் சில ஆண்டுகளில் ஆரஞ்சுப் பழுப்பாகும் என்பதைச் சேர்த்தே யோசியுங்கள்.

7. வெயில் நேரடியாகப் படும் சுவர். மேலே பூச்சு இருந்தால் நிறம் மாறாது என்கிறார்களே?

மாறும். சாதாரணக் கண்ணாடி ஜன்னல் புறஊதாக் கதிரின் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது. மரத்தின் நிறத்தை மாற்றப் போதுமான அளவு உள்ளே வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தன் பங்குக்கு மாற்றுகிறது. கிளியர் பூச்சு ஒளியை உள்ளே விடுவதற்காகவே செய்யப்பட்டது என்பதால் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னின் (மர இழைகளைப் பிணைக்கும் பொருள்) மெல்லச் சிதைகிறது. புறஊதாக் கதிர் தடுப்பி கலந்த பூச்சு இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. நிறமி கலந்த பூச்சே ஒளியை வழியிலேயே மறிக்கிறது. மேற்கு வெயில் வாங்கும் சுவருக்கு நிறமி ஸ்டெயினைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

ஒரு வீட்டில் கிளியர் பூசிய பலகைச் சுவரில் தாத்தாவின் பெரிய படம் ஏழு ஆண்டுகள் மாட்டியிருந்தது. தீபாவளிக்கு முன் சுத்தம் செய்யக் கழற்றினார்கள். சுவர் முழுவதும் தேன்பழுப்பு. படம் இருந்த இடம் மட்டும் புதுப் பலகையின் வெளுப்பு, சட்டத்தின் மூலைகள்கூடக் கூர்மையாக. உடனே பூச்சு வேண்டும் என்று அழைத்தார்கள். அப்போது பூச்சு எதுவும் அந்தச் செவ்வகத்தை மறைக்காது, அதையும் சேர்த்து அழுத்தமாகக் காட்டும். படத்தை வேறிடத்தில் மாட்டிவிட்டுக் காத்திருக்கச் சொன்னேன். அடுத்த தீபாவளிக்குள் பெரும்பாலும் ஒன்றிவிட்டது, ஆனால் எங்கே இருந்தது என்று தெரிந்தவருக்கு இன்னும் தெரியும்.

8. இந்த ஊர் ஈரப்பதத்துக்கு எது தாங்கும்?

இரண்டுமே தாங்கும், ஈரத்தைத் தடுப்பது படலமே தவிர நிறமல்ல. கவனிக்க வேண்டியது மரத்தின் அசைவு. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும் அறையில் மரத்தின் ஈரம் சுமார் 16 விழுக்காட்டில் நிலைகொள்ளும். நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் அது 10 அல்லது 11க்கு இறங்கலாம். அந்த இறக்கத்தில் 100 மில்லிமீட்டர் அகலப் பலகை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். ஆகவே பலகைகளைக் கட்டிலிருந்து பிரித்து, அடிக்கப்போகும் அறையிலேயே ஓரிரு வாரம் இருக்கவிட வேண்டும்.

கிளியருக்கும் நிறத்துக்கும் வேறுபாடு தெரிவது இந்த இடத்தில்தான். நாக்கும் காடியும் வைத்து, அதாவது ஒன்றின் நீட்டிய விளிம்பை அடுத்ததன் பள்ளத்தில் செருகிப் பூட்டிய பலகைகளைச் சுவரில் அடித்த பிறகு கருநிற ஸ்டெயின் கொடுத்தால், பலகை சுருங்கும்போது உள்ளே மறைந்திருந்த நிறமற்ற நாக்கு வெளியே எட்டிப்பார்க்கும். தொழிலில் இறங்கிய புதிதில் நானே இத்தவற்றைச் செய்தேன்: படுக்கையறைச் சுவர் முழுக்கக் கருவால்நட் நிறம், மூன்றே மாதத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் தென்னங்கீற்று ஈர்க்கு அளவில் ஒரு வெள்ளைக் கோடு. சிறு தூரிகையால் ஒவ்வொன்றாக நிரப்பப் பட்டினத்தார் பொறுமை தேவைப்பட்டது. நிறம் கொடுப்பதானால் சுவரில் ஏற்றும் முன்பே நாக்கு உட்பட நிறமேற்றுங்கள். பலகையின் பின்புறத்துக்கும் ஒரு கை சீலர் கொடுங்கள். கிளியர் என்றால் இந்தக் கோடு யார் கண்ணிலும் படாது.

9. வீடு சின்னது. கறுப்பாக அடித்தால் இன்னும் சின்னதாகத் தெரியுமா?

நான்கு சுவரும் என்றால் தெரியும். ஒரு சுவர் என்றால் தெரியாது. இதைவிட விளக்கைக் கவனியுங்கள். 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் தேர்ந்தெடுத்த நிறம் 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் வேறு நிறமாகத் தெரியும். சிவப்புச் சாயல் மங்கி, சாம்பல் எழும்.

10. பூசை அறைச் சுவருக்கு என்ன பூச்சு? விளக்கும் சாம்பிராணியும் தினமும் உண்டு.

கரி, எண்ணெய், மஞ்சள், குங்குமம் நான்கும் படும் இடம் அது. எண்ணெய் ஊறவிட்ட பூச்சு இங்கே வேண்டாம், துடைக்கத் துடைக்கக் கரி உள்ளே ஏறும். துடைத்தெடுக்க ஏதுவான பாலியூரித்தேன் படலம் மூன்று கை, அரைப் பளபளப்பில் இருப்பது நல்லது. வெளிர் மரத்தில் கிளியர் அடித்தால் முதல் ஆண்டிலேயே விளக்குக்கு மேலே கரிநிழல் தெரியும். நடுத்தரப் பழுப்பு நிறம் அதைப் பெரிதும் மறைக்கும். இங்கே எனக்கு ஐயமின்றி நிறப் பூச்சே முதல் தெரிவு.

எந்தப் பூச்சும் தீயைத் தாங்காது. விளக்குக்குப் பின்னால் கல்லோ, வெப்பம் தாங்கும் கண்ணாடியோ, பித்தளைத் தகடோ வையுங்கள். மஞ்சள் கறை பட்டால் சுரண்டிக் கெடுக்க வேண்டாம். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாகவே மங்கும். குங்குமத்துக்கு அந்த நல்ல குணம் கிடையாது, உடனே துடைக்க வேண்டும்.

11. மரத்தில் எதுவுமே பூசாதது போலத் தெரிய வேண்டும். ஆனால் பூச்சும் வேண்டும். முடியுமா?

முதல் பதிலில் சொன்ன ஈரத்தோற்றம்தான் இங்கே எதிரி. கிளியரால் இது முடியாது. வியப்பாக இருந்தாலும், நிறப் பூச்சால் முடியும். நீர் அடிப்படைப் பூச்சின் முதல் கையில் மிகச் சிறிதளவு வெள்ளை நிறமி கலந்தால், மரம் கறுப்பதை அது ஈடுகட்டி, இழைத்து வைத்த பலகையின் நிறத்துக்கே கொண்டுவரும். மேலே முழு மங்கல் கிளியர் வரவேண்டும். ஓக், ஆஷ் போன்ற வெளிர் மரங்களில் இது நன்றாக அமையும். தேக்கில் செய்தால் விபூதி பூசியதுபோல் இருக்கும்.

மங்கல் பூச்சில் ஒளியைச் சிதறடிக்க நுண்ணிய சிலிக்காத் துகள் சேர்க்கப்படுகிறது. கருநிற ஸ்டெயின்மேல் அதைப் பல கை ஏற்றினால் புகைபடிந்தாற்போல் தெரியும். அத்தகைய சுவருக்கு முந்தைய கைகளைப் பளபளப்பு வகையில் முடித்து, கடைசிக் கை மட்டும் மங்கல் கொடுப்பது வழக்கம்.

12. இப்போது கிளியர் அடித்துவிட்டு, பிடிக்காவிட்டால் பிறகு நிறம் கொடுக்கலாமா? அல்லது நிறம் கொடுத்துவிட்டுப் பிறகு கிளியருக்குத் திரும்பலாமா?

முதலாவது ஓரளவு முடியும். கிளியர் படலத்தை மெல்லத் தேய்த்து அதன்மேல் ஜெல் ஸ்டெயினோ மூன்றாம் பதிலில் சொன்ன நிறம் கலந்த பூச்சோ மெல்லியதாகக் கொடுத்து, மேலே மீண்டும் கிளியர் இடலாம். மரத்துக்குள் இறங்கிய ஸ்டெயின் தரும் ஆழம் மட்டும் வராது. இரண்டாவது ஏறத்தாழ முடியாது. துளைகளுக்குள் சென்ற நிறமியை எடுக்க மரத்தையே சீவ வேண்டும். வெனீரில் சீவுவதற்கு மரமே இல்லை. முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் குடும்பத்திடம், குறிப்பாகக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும்போது, கிளியரில் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். ஓராண்டு அதனுடன் வாழ்ந்து பார்த்த பிறகு திரும்ப வந்து நிறம் கேட்பவர்கள் மிகக் குறைவு.

13. பழைய சுவரில் என்ன பூச்சு இருக்கிறது என்று தெரியவில்லை. அதன்மேலேயே அடிக்கலாமா?

மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வையுங்கள். இளகி ஒட்டினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். கரையாமல் அப்படியே நின்றாலோ சுருங்கி எழும்பினாலோ பாலியூரித்தேன் அல்லது எண்ணெய் வார்னிஷ். மெழுகு ஏறிய சுவரானால் முதலில் அதைக் கழுவி எடுக்காமல் எதுவும் ஒட்டாது. மிகப் பழைய கடைவீடுகளில் பலகையின்மேல் பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும்; சோதிக்காமல் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

14. கைக்குழந்தை இருக்கிறது. வாடை எத்தனை நாள் இருக்கும்?

நீர் வகையில் ஓரிரு நாளில் பெருமளவு போய்விடும். எண்ணெய் வகையில் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். தொட்டால் காய்ந்திருப்பதும் முற்றிலும் இறுகியிருப்பதும் வேறு, பின்னதற்குச் சில வாரங்கள் ஆகும். மழைநாளில் ஜன்னலை மூடிக்கொண்டு அடித்தால் எல்லாமே தாமதமாகும். வாங்கும் டின்னில் சிங்கப்பூர்ப் பசுமைச் சின்னம் உள்ளதா என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஓர் ஆபத்தைப் பலர் அறிவதில்லை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது காயும்போது வெப்பம் வெளிவந்து தானாகவே தீப்பற்றும். வேலை முடிந்ததும் குப்பைச் சரிவுக்குழாயில் போடவே கூடாது. நீரில் நனைத்து, மூடியுள்ள உலோக டப்பாவில் வையுங்கள், அல்லது ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள்.

15. மாதிரியில் பார்த்த நிறம் வேறு, சுவரில் வந்த நிறம் வேறு. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. கடையின் மாதிரி அட்டை வேறு மரத்தில் செய்தது. உப்புத்தாளின் எண் வேறு. 120 எண்ணில் நிறுத்திய பலகை, 240 வரை தேய்த்த பலகையைவிட அதிகமாக நிறமியைப் பிடித்துக்கொண்டு கறுக்கும். ஸ்டெயினைத் துடைக்கும் முன் எத்தனை நிமிடம் விட்டார்கள் என்பதும் நிறத்தை மாற்றும்.

ஆகவே மாதிரியை உங்கள் சுவருக்கு வந்த பலகைக் கட்டிலிருந்தே, வெளிறும் வைரமும் உள்ள துண்டாகப் பார்த்து, ஒரு முழம் நீளத்துக்கு எடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கடைசிக் கை வரை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அதைக் கையில் பிடித்துப் பார்க்காமல் அந்தச் சுவரிலேயே செங்குத்தாக நிறுத்தி, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள். பிறகு பாதியைக் கெட்டி அட்டையால் மூடி ஜன்னலோரம் இரண்டு வாரம் வைத்தால், ஏழாம் பதிலில் சொன்ன மாற்றம் எந்தத் திசையில் போகும் என்பது தெரிந்துவிடும். பிடித்த துண்டின் பின்புறத்தில் உப்புத்தாள் எண், ஸ்டெயின் எண், காத்திருந்த நிமிடம், எத்தனை கை என்பவற்றைப் பென்சிலால் எழுதி, வீட்டுச் சாமான் அறையில் போட்டு வையுங்கள். பத்தாண்டு கழித்து ஒரு பலகை மாற்ற நேர்ந்தால், வருகிற ஆசாரி முதலில் கேட்பது அதைத்தான்.